கீழ் மூலையில் என் பெயர்

போர்டு எழுதுகிறவனுக்கு ஊரில் எல்லார் பெயரும் தெரியும். அவன் பெயர்தான் ஊருக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மேலே தகரம், உள்ளே ஒரு பெஞ்சு, பெயிண்ட் டப்பாக்கள், நடுவில் நான். மளிகைக் கடை போர்டு, லாரி, படகு, கல்யாணப் பந்தல் என்று எதில் எழுத்து வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். எழுதி முடித்ததும் எங்கள் தொழில் வழக்கப்படி வலப்பக்கம் கீழ் மூலையில் 'சூசை' என்று சின்னதாகப் போட்டுவிடுவேன். அதுதான் என் பெயர். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சின்ன வயதில் கில்லி ஆடும்போது கட்டை பறந்து வந்து என் இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து நான் 'ஒத்தக்கண்ணு'. அம்மா மட்டும் சூசை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் போன பிறகு அந்தப் பெயரைக் காதால் கேட்கவே இல்லை.

உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். குட்டையாக இருந்தால் குள்ளன், முடி கொட்டினால் சொட்டை, காலை இழுத்து நடந்தால் நொண்டி. அப்பா அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரோடு நின்றுபோயிருக்கும். அப்படிப்பட்ட அன்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

மிச்சமான வேலை

ஒரு மரக்கடைக்காரர் புதுக் கடை திறந்தார். நீளமான போர்டு. சுண்ணாம்பு நூலைக் கட்டி, சுண்டி, கோடு போட்டுவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கடைக்காரரும் அவருடைய தோஸ்துகளும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணை வைத்துப் பண்ணுகிற கேலிக்கெல்லாம் கோபப்பட்டால் பிழைப்பு நடக்காது. ஆகவே நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். சேர்ந்து சிரித்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று நினைப்பு. முடிந்ததே இல்லை. கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா ஒத்தக்கண்ணு, நேர்கோடு பாக்க மத்தவன்லாம் ஒரு கண்ண மூடிக்கணும். உனக்கு அந்த வேலை மிச்சம்பா. அதுக்காச்சும் ரேட்ட கொறச்சுக்க!"

உட்காருகிற இடத்திலிருந்து

எங்கள் சந்து முனையில் மாணிக்கம் டீக்கடை வைத்திருந்தான். முன்னால் ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். கிரேன் சங்கிலி அறுந்து பஞ்சுப் பொதி விழுந்ததில் ஒரு கால் போய்விட்டது. கடைக்குப் போர்டு கிடையாது. ஆனாலும் ஊருக்கே அது 'நொண்டி கடை'. பஸ் கண்டக்டர்கூட "நொண்டி கட, எறங்கு எறங்கு" என்றுதான் கத்துவார்.

போர்டு எழுதச் சொல்லி வந்தது மாணிக்கத்தின் மச்சான். அவன் எழுதச் சொன்னதும் அதே பெயரைத்தான். "ஊருக்கே தெரிஞ்ச பேரு. மாத்தினா யாவாரம் பூடும்" என்றான். எனக்கு மனசு வரவில்லை. "கால் போறதுக்கு முன்னாலேயும் அவனுக்கு ஒரு பேர் இருந்துச்சுப்பா. கடை அவனோடது, அவன் காலோடது இல்லை" என்று சொல்லி, 'மாணிக்கம் டீ ஸ்டால்' என்று எழுதிவிட்டேன். மச்சான் மூன்று தெரு கேட்கிற மாதிரி என்னைத் திட்டினான். ஒத்தக்கண்ணு, பொட்டக்கண்ணு எல்லாம் வந்தது.

போர்டை மாட்டப் போனபோது மாணிக்கம் பாய்லருக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். போர்டைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். நான் ஏணியை வெளிப்பக்கம் சாத்தினேன். அவன் என்னைத் தடுத்து, உள்ளே எதிர்ச் சுவரைக் காட்டினான். "ரோட்டுல போறவனுக்கு இன்னா, அவன் எப்டி வோணா கூப்ட்டுக்கட்டும். நான் குந்துற எடத்துலேர்ந்து எனக்குத் தெரியணும். அங்க மாட்டு ஒத்தக்கண்ணு."

படகுக்குப் பாரம்

காசிமேட்டில் ஒரு இளைஞன் புதுப் படகு இறக்கினான். அவன் அப்பா வேலாயுதம் அந்தக் கரையில் பேர்போன மனிதர். முதுகு வளைந்திருக்கும். 'கூனு வேலாயுதம்' என்றால் பழவேற்காடு வரைக்கும் தெரியும் என்பார்கள். படகின் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் அந்தப் பெயரையே எழுதச் சொன்னான் மகன்.

நான் இழுத்தேன். "வேலாயுதம்னு மட்டும் போடுவோமே" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கப்பன கேலி பண்ணியா எழுதச் சொல்றேன்? பெருமபா! அந்தப் பேருக்குக் கடலே வழி வுடும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் வாயில் அந்தச் சொல் வசவாக இல்லை, பாசமாகத்தான் இருந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் பெயருக்குச் சொந்தக்காரரையே கேட்டுவிடுவது உத்தமம். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

பெரியவர் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணியைக் கட்டிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். அவர் நிமிரவில்லை, அவரால் அதற்கு மேல் நிமிரவும் முடியாது. வலையிலிருந்து கையை எடுக்காமல், மகனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "இத்தினி வருசமா அத்த நான் சொமந்துகினு கீறனே, போதாதா? படகு வேற சொமக்கணுமா?"

கையெழுத்து இல்லாத போர்டு

எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். ஆள் எடுக்கிறார்கள் என்று கேட் வாசலில் வைக்க ஒரு போர்டு வேண்டுமென்று ஆள் அனுப்பினார்கள். தூரம்தான், ஆனாலும் கம்பெனி வேலை என்றால் விட முடியுமா? பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி மோர் வாங்கிக் கொடுத்தார். பிறகு எழுத வேண்டியதை வாயால் சொன்னார். இன்ன படிப்பு, இன்ன வயசு, இன்ன நேரத்தில் வரவேண்டும். கடைசி வரி: 'உடல் ஊனமுற்றவர்கள் வர வேண்டாம்.'

அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிற கண்ணையும் பார்த்தார், இல்லாத கண்ணையும் பார்த்தார். அவர் மூஞ்சியில் ஒரு சங்கடமும் தெரியவில்லை. சரி என்று எழுதிவிட்டேன். சாப்பிட வேண்டுமே. ஆனால் கீழ் மூலையில் பெயர் போடவில்லை. என் வாழ்நாளில் நான் பெயர் போடாத போர்டு அது ஒன்றுதான்.

புறப்படும்போது மனசு கேட்காமல், "சார், கடைசி வரி என்னையும் சேர்த்துத்தானா?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய் என் தோளில் தட்டினார். "சேச்சே! உன்னை யாருப்பா சொன்னது? இது ஊனமானவங்களுக்கு!"

முன்கூட்டியே சொல்லிவிடுவது

எனக்கும் கல்யாண ஆசை இருந்தது. சித்தி ஒரு தரகரை ஏற்பாடு பண்ணினாள். அவர் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போய், உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "பையனுக்கு ஒரு கண்ணு இல்ல" என்று ஆரம்பித்திருக்கிறார். அதற்கப்புறம் சொந்தத் தொழில், குடி கிடையாது, ஞாயிறு பூசை தவறாதவன் என்று எவ்வளவோ சொன்னாராம். அவர்கள் முதல் வரியோடு நின்றுவிட்டார்கள். இன்னொரு இடத்திலும் அதே கதை. நானும் போர்டு எழுதுகிறவன். எதைப் பெரிதாக மேலே எழுதுகிறோமோ அதைத்தான் ஜனங்கள் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"மறைக்க வேண்டாம் அண்ணே. என் பேரு, என் வேலை, அதுக்கப்புறம் கண்ணைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, எனக்கு உபகாரம் பண்ணுகிற தோரணையில் சொன்னார்: "மொதல்லயே கண்ண சொல்லிட்டா பின்னால பேஜாரு இல்ல பாரு. உன் பேரு இன்னாபா, எப்ப வோணா சொல்லிக்கலாம்!"

அழிக்கப்பட்ட சொல்

மாணிக்கம் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதி இருந்தது. காது கேளாத பெண்கள் அங்கே தங்கித் தையல் வேலை செய்தார்கள். வாசலில் இருந்த பழைய போர்டில் 'செவிட்டு ஊமைப் பெண்கள் விடுதி' என்று எழுதியிருந்தது. உப்புக் காற்றில் அது அரித்துப்போகவே, அதையே புதிதாக எழுதச் சொன்னார் சிஸ்டர். வேறு மாதிரி எழுதலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கும் பிடிக்கலை தம்பி. ஆனா படிக்கிறவங்க மனசு இளகணுமே. இளகினாத்தானே அரிசி வரும்" என்றார். மறுத்துப் பேச என்னிடம் அரிசி இல்லை.

நீல எனாமலில் எழுதி, வராந்தாவில் காயவைத்துவிட்டு, மாணிக்கம் கடைக்கு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் 'ஊமை' இருந்த இடத்தில் ஒரு நீலத் தீற்றல். பக்கத்தில் ஒரு பெண் என்னுடைய மண்ணெண்ணெய்த் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலெல்லாம் நீலம். ஓடவில்லை, ஒளியவில்லை. அவள்தான் பிலோமினா. அங்கே கட்டிங் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

நான் போட்ட சத்தம் கேட்டு சிஸ்டர் ஓடிவந்தார். பிலோமினாவின் கைகள் பேச ஆரம்பித்தன. அப்படியொரு வேகம். கை, புருவம், தோள் எல்லாம் சேர்ந்து சண்டை போட்டன. என்னைக் காட்டினாள், போர்டைக் காட்டினாள், தையல் மெஷின்கள் இருக்கும் அறையைக் காட்டினாள். பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து வராந்தாத் தரையிலேயே மாதிரி எழுதிக் காட்டினாள். மேலே பெரிதாக 'பெண்கள் தையல் இல்லம்'. அடியில் சின்னதாக, 'எங்களுக்குக் காது கேளாது. அளவை எழுதிக் கொடுக்கவும்.'

நான் அசந்துபோனேன். மரியாதை வேண்டும், மரியாதை வேண்டும் என்று நான் மனசுக்குள் முனகிக்கொண்டிருந்தேனே தவிர, இப்படி எழுதத் தோன்றவில்லை. ஆள் யார், என்ன வேலை என்பது முதலில். காது விஷயம், வருகிறவனுக்குத் தேவைப்படுகிற அளவுக்கு. இரக்கத்துக்கு அதில் இடமே இல்லை. சிஸ்டர் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "'நான் விடிஞ்சதுலேர்ந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், உங்களுக்குத்தான் புரியலை, அதுக்கு நான் ஊமையா'ன்னு கேக்குறா தம்பி. கேக்குறது நியாயந்தானே. அவ சொன்னபடியே எழுதிடுங்க."

கையால் ஒரு பெயர்

அதற்குப் பிறகு அந்த விடுதியில் எனக்குச் சில்லறை வேலைகள் கிடைத்துக்கொண்டிருந்தன. மெஷின்களுக்கு நம்பர் போடுவது, ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது. உண்மையைச் சொன்னால் சில வேலைகளை நானே கண்டுபிடித்தேன். கடைக்குத் திரும்பினால் டப்பாக்களோடுதான் பேச வேண்டும். மெஸ்ஸில் சாப்பிடும்போதும் எதிர் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். விடுதியில் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் அங்கேதான் யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றும்.

அங்கே ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு என்பதை மெல்ல மெல்லக் கண்டுபிடித்தேன். மோவாயைத் தொட்டால் சிஸ்டர், அவருக்கு அங்கே மச்சம். கன்னத்தை உப்பினால் சமையல்கார அம்மா. விரல் நுனியைக் கிள்ளிக்கொண்டால் பிலோமினா. ஊசி குத்திக் குத்தி அவள் விரல் காய்த்துப்போயிருந்தது. இதெல்லாம் தெரிந்ததும் என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. அப்படியானால் எனக்கும் ஒன்று வைத்திருப்பார்கள். அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. உள்ளங்கையால் இடது கண்ணை மூடினால் போதும், நான்தான். வாயால் ஒத்தக்கண்ணு, கையாலும் ஒத்தக்கண்ணு. இங்கேயாவது அது இல்லாமல் இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அவர்கள் கை என் பக்கம் திரும்பும்போதெல்லாம் பார்வையைத் தாழ்த்திக்கொள்வேன்.

ஒருநாள் கேட்டுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பிலோமினா இன்னொரு பெண்ணிடம் என்னைக் காட்டி எதையோ சொன்னாள். இந்த முறை பார்த்துவிட்டேன். அவள் கை கண்ணுக்குப் போகவில்லை. இடுப்புக்கும் கீழே, வலது ஓரத்தில், இரண்டு விரலைச் சேர்த்துச் சின்னதாக ஒரு சுழி. எனக்குப் புரியவில்லை. சிஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

"அதுவா? உங்க பேரு தம்பி. 'மூலைல சின்னதா எழுதுறவர்'னு அர்த்தம்" என்றார் சிஸ்டர். "அவ எல்லாப் போர்டையும் மூலை வரைக்கும் படிப்பா."

கண்ணைக் காட்டியிருக்கலாமே, அதுதானே சுலபம் என்றேன். சிஸ்டர் அதைக் கையால் கேட்டார். பிலோமினா தோளைக் குலுக்கிவிட்டு ஏதோ பதில் சொன்னாள். "'அது பாத்தாலே தெரியுதே, அதைச் சொல்ல ஒரு பேரு எதுக்கு?'ன்னு கேக்குறா" என்றார் சிஸ்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா போனதற்கு அப்புறம் அப்படி அழுததில்லை. பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். அழுகை இரண்டு கண்ணிலும் வரும் அன்பர்களே, அதில் ஊனம் கிடையாது.

அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று பல நாள் ஒத்திகை பார்த்தேன். எழுதிக் கேட்டிருக்கலாம்; ஆனால் ஊருக்கெல்லாம் எழுதுகிற கை, அவள் முன்னால் போனால் பெயிண்ட் கணக்கைத்தான் எழுதியது. அவர்கள் பாஷையில் கேட்கலாமென்றால் கல்யாணத்துக்கு உண்டான சைகையை யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது? சிஸ்டரிடமா? இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோது, விடுதியை மாதவரத்துக்கு மாற்றுவதாகச் செய்தி வந்தது. அங்கே மாட்டுவதற்கான போர்டையும் நான்தான் எழுதினேன். அவள் சொன்ன அதே வாசகம்.

வேன் புறப்பட்ட அன்று நான் மாணிக்கம் கடை வாசலில் நின்றேன். மெஷின்களும் துணி மூட்டைகளும் ஏற்றி, நடுநடுவே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிலோமினா பின்பக்கக் கதவோரம் இருந்தாள். கடையைத் தாண்டும்போது என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தாழ்த்தி, வலது ஓரத்தில், சின்னதாக ஒரு சுழி போட்டாள். பதிலுக்கு நான் என் விரல் நுனியைக் கிள்ளிக் காட்டினேன். பார்த்தாளா என்று தெரியவில்லை. அதற்குள் வேன் திரும்பிவிட்டது.

முக்காலியில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கம், எனக்கு ஒரு டீயை நீட்டினான். அவனுக்கு எதிரே சுவரில் அவன் பெயர் பளபளவென்று இருந்தது; அதன் கீழ் மூலையில் என் பெயரும் இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன், என்னிடம் கேட்டான்: "இன்னா ஒத்தக்கண்ணு, அந்தப் பொண்ணு கையால இன்னாவோ சொல்லிச்சே, இன்னாபா அது?"

ராயபுரம் முழுக்க இத்தனை வாய் இருந்தும், அம்மாவுக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் ஒரே ஒருத்திதான், அவளும் அதற்கு வாயைத் திறக்கவில்லை.